ஆரோக்கியம் அக்கா வீட்டுக் கோழிகள்

"கையைத் தூக்கும்மா" என்றார் அந்த அம்மாள். நான் தூக்கவில்லை.

அப்போதுதான் கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு முடித்ததும், ரப்பர் பால் வெட்டும் உளியும் வாளியுமாகப் பொம்பளைகள் எல்லாரும் வேலி வாசலில் வரிசை பிடித்து நிற்கிறோம். வாசலுக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு, பழைய அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். அதற்குள் ஐந்தாறு பேராகப் போக வேண்டும். உள்ளே சாக்கு வாடையும் யாரோ தலையில் அப்பியிருந்த தேங்காய் எண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தன.

"எதுக்குத் தூக்கணும்?"

"அரிசி, பால் டின்னு, மருந்து, ஒண்ணும் வேலிக்கு வெளிய போகக் கூடாதாம்மா. பொம்பளைங்களைத் தடவிப் பாக்கத்தான் என்னை வச்சிருக்காங்க."

"எங்க வீட்டுப் பானையே கவுந்து கெடக்கு. இதுல நான் காட்டுல உள்ளவனுக்கு விருந்து வைக்கப் போறேனாக்கும்! பசார்ல கத்திரிக்காயத் தடவுற மாதிரி மனுசியத் தடவ வந்துட்டீங்களே, இதைவிட நல்ல வேலை ஒண்ணும் கெடைக்கலையா?"

பின்னால் நின்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அப்புறம்தான் என் இடுப்பைத் தொட்டார். காலைப் பனியில் விறைத்துப் போயிருந்த எனக்கு அந்தச் சூடு கோபத்தையும் மீறி இதமாக இருந்தது.

அவர்தான் ஆரோக்கியம் அக்கா. இந்த வாரம் முழுக்க அவர் கதைதான்.

வாசகி ஒருவர் கேட்டது

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி அடித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ரெம்பியாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மா, அந்த அவசரகாலத்தில் நீங்கள் எதற்கு அதிகம் பயந்தீர்கள்? துப்பாக்கிக்கா, காட்டில் இருந்தவர்களுக்கா?"

பயம் இருந்தது தாயே, இல்லாமல் என்ன. ஆனால் மனிதனுக்குப் பயம் எப்படியோ பழகிவிடுகிறது. ராணுவ லாரி சத்தம் கேட்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடுகிற அளவுக்குப் பழகிவிட்டது. எங்களுக்குக் கடைசிவரை பழகாதது அந்தச் சாக்குத் திரைக்குப் பின்னால் வந்த வெட்கம்தான்.

பசி தனியாக இருந்தாலும் வரும். தலைவலி தனியாக இருந்தாலும் வரும். வெட்கத்துக்கு மட்டும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பொறாமைக்கும் அப்படித்தான், பெருமைக்கும் அப்படித்தான். எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தி தீபாவளிக்கு எடுத்த ஊதா ஜார்ஜெட் சேலையைக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் சேலை முழுக்கச் சேறு. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வயிறு முழுக்க எரிச்சல். யாரும் இல்லாத குழாயடி என்றால் அவளும் கட்டியிருக்க மாட்டாள், எங்களுக்கும் எரிந்திருக்காது.

ஆம்பளைகளுக்குத் திரை கூடக் கிடையாது. வாசலில் வைத்தே ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் தடவுவார்கள். "மெதுவாலா, கூச்சம் காட்டுது!" என்று எங்கள் ஆம்பளைகள் உரக்கச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார்கள். எங்கள் கங்காணி மட்டும் சிரிக்கமாட்டார். சோதனை முடிந்ததும் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல நடந்து போவார். மத்தியானம் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் குழம்பில் உப்பு இல்லை என்று சத்தம் கேட்கும். காலையில் வாசலில் பட்ட வெட்கம்தான் அது, கோபமாக மாறி வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் திருப்பிச் சண்டை போடுவோம்.

"முதல்ல நீ என்னைப் பாரு"

ஆரோக்கியம் அக்கா புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் காலமாகிவிட்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். கழுத்தில் ஒரு சிலுவை, வெள்ளைச் சேலை, முந்தானையில் வரிசையாக ஊக்குகள். அதிகாலையில் தோட்டத்து லாரி போய் அவரை ஏற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்தோம். அந்தப் பொம்பளையிடம் யாரும் வாய் திறப்பதில்லை. கையைத் தூக்கு என்றால் தூக்குவது, இறக்கு என்றால் இறக்குவது, முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வரிசை முழுக்க வானத்தைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

வேறு ஆளாக இருந்தால் எங்களை ஒரு வழி பண்ணியிருப்பார். அதிகாரம் அவர் கையில். எவளுடைய சேலையையும் உதறச் சொல்லலாம். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் நடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம்.

மறுநாள் காலை நாங்கள் உள்ளே போனதும் அவர் கையைத் தேய்க்கவில்லை. என்னைப் பார்த்து, "உன் பேரு என்னம்மா?" என்றார்.

முடிவு எடுத்தது எடுத்ததுதான். நான் பேசவில்லை. பக்கத்தில் நின்ற அஞ்சலைதான், பாவம் பார்த்து, "லெச்சுமி" என்றாள்.

"லெச்சுமி, இங்க வா. முதல்ல நீ என்னைப் பாரு."

"என்னது?"

"என்னைச் சோதி. நான் டவுன்லேருந்து வர்றவ. உள்ள எதைக் கொண்டாறேன், வெளிய எதைக் கொண்டு போறேன்னு யாருக்குத் தெரியும்? நீங்க என்னைப் பாருங்க. அப்புறம் நான் உங்களைப் பாக்கறேன்." சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் உயரத் தூக்கிவிட்டார்.

நான் நடிப்பு என்றுதான் நினைத்தேன். நடிப்புக்கு நடிப்பு என்று, விடாமல் தடவினேன். இடுப்பு, முதுகு, முந்தானை முடிச்சு எதையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய விலா எலும்பு என் விரலில் தட்டியது. டவுன்காரி நல்லாத் தின்னு கொழுத்திருப்பாள் என்றல்லவா நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்! அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததையும் கவனித்தேன். நானும் முதல் நாள் அப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். அதுதான் நான் அவரிடம் சண்டையில்லாமல் பேசிய முதல் வார்த்தை.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் ஒவ்வொருத்தி முறை. அக்காவைச் சோதித்த பிறகுதான் எங்கள் சோதனை. ஒரு வாரத்தில் திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. "அக்கா, இடுப்புல சதையே இல்லையே, மீனு வாங்கித் தின்னுக்கா" என்று ஒருத்தி சொல்வாள். "உன் இடுப்புல ரெண்டு பேரு சதை இருக்கே, பாதி குடு" என்பார் அவர். தண்ணீர் கொடுக்க மறுத்த வரிசை, கோப்பி போத்தலைத் திறந்து முதலில் அவருக்கு ஊற்றியது.

நான் பின்னாளில் அலோர் காஜாவில் தையல் கடை வைத்தேன். அளவெடுக்க டேப்பை நீட்டினால் போதும், சில பெண்கள் மரக்கட்டையாக நின்றுவிடுவார்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, எந்த இடத்தில் டேப் படப்போகிறது என்று முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். யாரிடம் படித்தாய் என்று கேட்பவர்களுக்கு, வேலி வாசலில் என்று சொல்வேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

மஞ்சள் முடிச்சு

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டுகிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வாயில்லாப் பூச்சி. பால்குடி மறக்காத ஓர் ஆண் குழந்தை அவளுக்கு. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இறங்கவே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஊசி போட்டுப் பார்த்தார், பவுடர் கொடுத்துப் பார்த்தார். குழந்தை கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டே கிடந்தது.

எங்கள் முனியாண்டி சாமி வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டார். காட்டோரத்தில், அஞ்சலை வெட்டுகிற நிரையின் கடைசியில்தான் அவருடைய கல்லும் சூலமும். வேலி அடித்த நாளிலிருந்து பூசை, படையல் எல்லாம் நின்றுபோயிற்று. பிள்ளைக்கு முடியாமல் போனால் எங்கள் வழக்கம், ஒரு பிடி அரிசியைப் பிள்ளையின் தலையைச் சுற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி காலடியில் வைத்துவிட்டு வருவது. அஞ்சலை அதைத்தான் செய்யக் கிளம்பினாள்.

அன்று காலை அக்கா வழக்கம்போல எல்லாரையும் கேட்டார்: "அரிசி, கிரிசி இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா."

"இல்லக்கா" என்றாள் அஞ்சலை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவள் மனசில் அது அரிசியே இல்லை. பிள்ளை தலையைச் சுற்றிய நேரத்திலிருந்து அது முனியாண்டியுடையது. எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். இதைப் போலீஸ்காரருக்கு எந்தப் பாஷையில் விளக்குவது?

அக்காவின் கை அவள் இடுப்பில் போய் நின்றது. முடிச்சை வெளியே எடுத்தார். மஞ்சள் துணியிலிருந்து ரெண்டு அரிசி மண்ணில் விழுந்தது.

அப்போதுதான் அஞ்சலைக்கு உறைத்தது. "ஐயோ அக்கா, அது சாமிக்கு... பிள்ளைக்கு முடியலக்கா..." என்று குழறினாள். ஒரு பிடி அரிசிக்குக்கூடக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற காலம். கம்பி எண்ண வைப்பார்கள், இல்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை யார் பார்ப்பது?

வெளியே நின்ற மலாய்க் கார்ப்ரல் பொறுமையில்லாமல் குரல் கொடுத்தார்: "அப்பா ஹால்? லாமா சங்காட்!"

என்ன இவ்வளவு நேரம் என்கிறார். திரையை விலக்கிப் பார்க்கமாட்டார், நல்ல மனுசன். ஆனால் கேட்டால் அக்கா பதில் சொல்லியாக வேண்டும். மறைத்து மாட்டிக்கொண்டால் சோதிக்க வந்தவருக்குத்தான் தண்டனை கூட.

"செக்கெஜாப், என்சே!" என்று அக்கா குரல் கொடுத்தார். ஒரு நொடி, அவ்வளவுதான், என்ற மாதிரி சாதாரணக் குரல். பிறகு முடிச்சை அவிழ்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பெரிய பங்கை அள்ளித் தன் வாயில் போட்டார். மிச்சத்தை எங்கள் முன்னால் நீட்டினார்.

"ஆளுக்குக் கொஞ்சம். மெல்லாதீங்க, சத்தம் கேக்கும். எச்சில்ல ஊறட்டும்."

அஞ்சலையைத் தவிர உள்ளே நின்ற அத்தனை பேரும் போட்டுக்கொண்டோம். ஒருத்தியும் யோசிக்கவில்லை. மாட்டினால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தே போட்டுக்கொண்டோம். எனக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பச்சரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்பாங்களே, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்கப் போய் அரிசி புரையேறி, கண்ணில் தண்ணீர் கொட்ட நின்றாள்.

வெறும் மஞ்சள் துணியை அக்கா அஞ்சலையின் கையில் வைத்தார். "துணிக்குச் சட்டம் இல்ல. இதைக் கொண்டுபோய்க் கட்டு. உன் சாமி அரிசி எங்கன்னு கேட்டா, ஆரோக்கியம் தின்னுட்டான்னு சொல்லு. கோவம் இருந்தா எங்கிட்ட வரட்டும், நான் பேசிக்கிறேன்."

மண்ணில் கிடந்த ரெண்டு அரிசியைச் செருப்பால் தேய்த்துவிட்டு, "அடுத்த ஆளுங்க வாங்க!" என்று கூப்பிட்டார்.

குழந்தைக்கு அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் விட்டது. டிரெஸ்ஸர் தன் ஊசிதான் என்றார். நாங்கள் முனியாண்டி என்றோம். அக்கா தன் பங்குக்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாராம். எல்லாரும் பங்கு கேட்டார்கள்.

நன்றி என்கிற பாரம்

இனிமேல் அஞ்சலை அக்காவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள் என்று நினைத்தோம். நடந்தது நேர் எதிர். அவள் அக்காவின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வரிசையில் கடைசிக்குப் போவாள். உள்ளே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்கா, "பிள்ளை எப்படிம்மா?" என்று கேட்டால், "ம்" என்று ஒரு சத்தம். ஒரு நாள் மரத்தடியில் என்னிடம் சொன்னாள்: "அவங்க மொகத்துல முழிக்கவே புடிக்கலடி லெச்சுமி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நன்றி கெட்டவளே, அந்த மனுசி உனக்காக ஜெயிலுக்குப் போகத் துணிஞ்சாங்க!"

"அதான்டி. அதான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். "அவங்களைப் பாத்தாலே நான் செஞ்ச கூத்துதான் ஞாபகம் வருது. என்னத்தக் குடுத்து அதை நேர் பண்றது? எங்கிட்ட என்ன இருக்கு?"

உதவி செய்தவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்களை அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை. வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு எதிரில் நிற்கிற முகம் கனமாகிவிடும்.

லயத்துப் பொம்பளைகள் அஞ்சலையைச் சாடை பேசத் தொடங்கினார்கள். அக்கா காதிலும் விழுந்திருக்கும். அவர் ஒருவரையும் கண்டிக்கவில்லை, அஞ்சலையைத் தனியாகக் கூப்பிட்டுத் தேற்றவும் இல்லை.

அஞ்சலையின் முறை

அக்காவைச் சோதிக்கிற முறை சுற்றி வந்து அஞ்சலையிடம் நின்றது. "வேற யாராச்சும் பாருங்களேன்" என்று அவள் பின்வாங்கினாள். "அதெல்லாம் முடியாது, உன் முறை" என்று அக்கா கையைத் தூக்கிவிட்டார்.

நான் பக்கத்தில் நின்றதால் எல்லாவற்றையும் பார்த்தேன். தரையைப் பார்த்தபடியே அஞ்சலை கடமைக்குத் தடவினாள். முதுகு, தோள், இடுப்பு. இடுப்பில் அவள் கை நின்றது. தலை நிமிர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கொசுவத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கைக்குட்டை முடிச்சை இழுத்தாள். அமுக்கிப் பார்த்தாள். அரிசி.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "ஐயோ மாதாவே!" என்றார் மெல்ல.

வெளியே கார்ப்ரலின் பூட்ஸ் சத்தம் கிட்டே வந்தது. சோதனை போடுகிறவரே அரிசியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நினைக்கவே பயமாக இருந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

அஞ்சலை யாரையும் கேட்கவில்லை. யாருக்கும் பங்கு வைக்கவும் இல்லை. முடிச்சை அவிழ்த்து, மொத்தத்தையும் தன் வாயில் கொட்டிக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பிப்போயிற்று. கைக்குட்டையை உதறி அக்காவின் தோளில் போட்டாள். பூட்ஸ் சத்தம் எங்களைத் தாண்டிப் போகிறவரை அப்படியே நின்றாள். போன பிறகு, வாய் நிறைய அரிசியோடு பொரிந்து தள்ளினாள்:

"உனக்கு அறிவு இருக்காக்கா? ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு இப்படியா அசட்டையா வருவ? டவுன்காரிக்கு இடுப்புல என்னத்துக்கு அரிசி?"

அதுவரை 'நீங்க, வாங்க' என்று முணுமுணுத்தவள். இப்போது உரிமையாக 'நீ' போட்டுத் திட்டுகிறாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோழிக்குப் போட எடுத்தேன்டி. அவசரத்துல இடுப்புலயே சொருகிட்டு வந்துட்டேன். நீ இல்லேன்னா இன்னிக்கு என் கதை கந்தல்" என்றார்.

"கோழியாம் கோழி! நாளைக்கு நான்தான் முதல்ல உன்னைப் பாப்பேன்" என்றாள் அஞ்சலை.

அன்று அவள் நிரையில் பாட்டுக் கேட்டது. மரத்துக்கு மரம் உளியைத் தட்டிக்கொண்டு பாடினாள். லயத்துக்குத் திரும்பியதும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அக்காவின் மறதியைப் பற்றிப் புகார் வாசித்தாள்.

பின்கட்டு

கொஞ்ச காலம் கழித்து அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, நான் மட்டும் பஸ் ஏறிப் புலாவ் செபாங் போனேன். சின்னப் பலகை வீடு. தைல வாடை. பின்கட்டில் துணி காயப்போட ஒரு கொடி, சிமெண்டுத் தரை, பக்கத்து வீட்டுச் சுவர். கூண்டு இல்லை, கூடை இல்லை, ஒரு இறகு கூட இல்லை. சுவர் மேல் ஒரு கடுவன் பூனை மட்டும் படுத்திருந்தது.

"கோழி எங்கக்கா?"

"எந்தக் கோழி?" என்றவர், சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருத்தி தலை நிமிர வேண்டும் என்பதற்காகத் தன் வேலையையும் மானத்தையும் முடிச்சில் கட்டி அவள் கையில் கொடுத்திருக்கிறார் இந்த மனுசி!

"அக்கா..." என்றேன்.

"டீ ஆறுது லெச்சுமி. குடி" என்றார்.

மழை

என் கல்யாணத்தன்று கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை! பந்தல் தார்ப்பாய் தொப்பை போட்டுத் தொங்கியது. சாப்பாட்டு இலைகள் மிதந்தன. ஆரோக்கியம் அக்காவும் அஞ்சலையும் ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வாசலில் கால் வைத்ததுமே அஞ்சலை ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாம் இந்தக்காவால வந்தது! கல்யாணம் ஆகாத புள்ளைக்குப் பச்சரிசியக் குடுத்துட்டாங்க. கேட்டா, ஆளுக்குக் கொஞ்சம்னு சட்டம் பேசுவாங்க. கொடையையாவது ஒழுங்காப் புடிக்கிறியாக்கா? என் தோள் எல்லாம் நனையுது!"

அக்கா தன் தோள் முழுக்க நனைய, குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை மாலையும் கழுத்துமாக நின்று பார்த்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததே எனக்கு மறந்துவிட்டது.

அக்கா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அஞ்சலை லூபோக் சீனாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். அன்று காய்ச்சலில் கிடந்தானே, அதே மகன்தான். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் இந்தப் பத்திரிகை அந்தப் பக்கம் போகிறது. தன் பெயர் வந்திருக்கிறது என்று தெரிந்தால் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் விடமாட்டாள்.

வாசித்துக் காட்டப்போகும் புண்ணியவான் யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். மற்றதெல்லாம் இருக்கிறபடி வாசியுங்கள். பின்கட்டு வருகிற இடத்தில் மட்டும், அக்கா வீட்டில் கோழிகள் நிறைய மேய்ந்தன என்று மாற்றி வாசித்துவிடுங்கள்.